சுழலாத காற்றாலைக்கு முழு மதிப்பெண்!

சென்ற மாதம் செம்பூரில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து அலமாரியில் ஒரு காற்றாலை நின்றது. தெர்மோகோல் பீடம், வெள்ளிக் காகிதம் ஒட்டிய நான்கு சிறகுகள், பச்சை வர்ணத்தில் புல்தரை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனின் ‘பிராஜெக்ட்’ அது. பள்ளியில் இருபதுக்கு இருபது கொடுத்தார்களாம்.

“நீயே செய்தாயா, தம்பி?” என்றேன். பையன் அப்பாவைப் பார்த்தான்.

“நேரம் எங்கே சார்? கடையில் வாங்கியதுதான்” என்று சிரித்தார் நண்பர்.

மேஜை விசிறியை அதன் எதிரே வைத்து ஓடவிட்டோம். காற்றாலை அசையவே இல்லை. காரணம் எளிது. சிறகுகள் காற்றுக்கு நேரெதிரே தட்டையாக நின்றன. அப்படி நிற்கும் சிறகு காற்றைத் தடுக்குமே தவிரச் சுற்றாது. கொஞ்சம் சாய்த்து வைத்தால்தான் காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளும். பையன் தானே சிறகுகளைத் திருகிப் பார்த்தான். மூன்றாவது முயற்சியில் சுழன்றது. அவன் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சி, முழு மதிப்பெண் வாங்கியபோது வந்திருக்குமா என்பது சந்தேகமே.

மான்கூர்டில் ஒரு முயற்சி

ஹார்பர் ரயிலில் செம்பூரை அடுத்து கோவண்டி, அதை அடுத்து மான்கூர்டு. அங்கேதான் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அங்கமாக 1974-ல் தொடங்கப்பட்டது. இம்மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் நடுநிலை வகுப்புக் குழந்தைகளுக்கு வடிவமைப்புக் கலையைக் கற்பிக்கும் பாடங்களை உருவாக்கினார்கள். அவற்றுள் ஒன்று எடை தூக்கும் காற்றாலை.

பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து முதலில் யோசிக்க வேண்டும். படம் வரைய வேண்டும். தேவையான பொருள்களுக்குப் பட்டியல் போட வேண்டும். அதன் பிறகே கத்தரிக்கோலைத் தொடலாம். செய்து முடித்ததும் சோதனை. எடை ஏறாவிட்டால் எங்கே தவறு என்று அவர்களே தேட வேண்டும்.

தேடும்போது கிடைப்பதுதான் கல்வி. நூல் சுற்றும் அச்சு மெல்லியதாக இருந்தால் கூடுதல் எடை ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். தடித்த அச்சானால் வேகம் உண்டு, வலு குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுப்பதே பொறியியலின் அரிச்சுவடி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைக் கையால் உணர்ந்துவிட்டால் பிறகு மறக்குமா?

தீக்குச்சி போதும்

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோ தொழிற்சாலையில் பணிபுரிந்த அரவிந்த் குப்தா 1978-ல் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் சென்றார். அங்கே 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து அவர் பாடம் செய்தார்.

மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்தால் அழுத்தினாலும் குலையாது. நான்கு குச்சிகளில் செய்த சதுரம் சாய்ந்துவிடும். அதற்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் முக்கோணங்கள் நிறைந்திருப்பது ஏன் என்பது அப்போதே விளங்கிவிடும்.

அத்திட்டத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002-ல் நிறுத்தப்பட்டது வருந்தத்தக்கது.

கருவி இருக்கிறது, மனம்?

2016 முதல் மத்திய அரசு ‘அடல் டிங்கரிங் லேப்’ என்ற பெயரில் பள்ளிகளுக்கு இருபது லட்சம் ரூபாய் வரை உதவி தந்து, ஆறாம் வகுப்பிலிருந்தே மாணவர்கள் பயன்படுத்தும் கூடங்களை அமைத்து வருகிறது. பத்தாயிரம் பள்ளிகளுக்கு மேல் அவை வந்துவிட்டன. மேலும் ஐம்பதாயிரம் அமைக்கப்படும் என 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆனால் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டும், முதல் முறையே சரியாக வரவேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்த்தால், பெற்றோர் கடைக்குத்தான் ஓடுவார்கள்.

பிள்ளையின் முதல் மாடல் கோணலாக இருக்கட்டும். “ஏன் நிற்கவில்லை? அடுத்து என்ன மாற்றுவாய்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

போன ஞாயிறு நண்பர் போன் செய்தார். பையன் பழைய அட்டையிலும் சைக்கிள் ஆரக்கம்பியிலும் புதிதாக ஒன்று செய்திருக்கிறானாம். பார்க்க அழகில்லை, ஆனால் வீட்டுச் சாவியைத் தூக்குகிறதாம். “இரண்டு தடவை உடைந்தது சார்” என்றார், பெருமையோடு.

அந்த இரண்டு உடைசல்களுக்கும் மதிப்பெண் தர எந்தப் பள்ளி முன்வரும்?