சேத வாகன ஏலம் (இந்தியா)

சேத வாகன ஏலம் என்பது விபத்து, வெள்ளம், தீ முதலியவற்றால் கடுமையாகப் பழுதடைந்த வாகனங்களை, அதிக விலை கேட்பவருக்கு விற்கும் முறையாகும். வணிக வழக்கில் இவ்வாகனங்கள் 'சால்வேஜ்' வண்டிகள் எனப்படுகின்றன. பழுதுபார்ப்பவர்களும், உதிரிபாக வணிகர்களும், காயலான் கடைக்காரர்களும் இவற்றை மிகுதியாக வாங்குகின்றனர். குறைந்த விலைக்கு வண்டி கிடைக்கும் என்று பொதுமக்களும் பங்கேற்பதுண்டு.

'முழு இழப்பு' என்றால் என்ன?

சொந்தச் சேதத்தை ஈடுசெய்யும் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தில் ஐ.டி.வி. என்ற மதிப்பு குறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் விலையிலிருந்து அதன் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இது கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்குத் தேய்மானம் 5 விழுக்காடு; நான்கு ஆண்டைக் கடந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு 50 விழுக்காடு. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வண்டி முழு இழப்பாகக் கருதப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு காரின் ஐ.டி.வி. 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் 75 விழுக்காடு 3,00,000 ரூபாய். சர்வேயர் மதிப்பிட்ட செலவு 3,20,000 ரூபாய் என்றால் அது முழு இழப்பு. சேதமடைந்த காரை ஏலத்தில் ஒருவர் 90,000 ரூபாய்க்குக் கேட்கிறார். உரிமையாளர் அத்தொகையை அவரிடம் பெற்றுக்கொண்டால், காப்பீட்டு நிறுவனம் மீதி 3,10,000 ரூபாயில் கட்டாயப் பிடித்தத்தைக் கழித்துத் தரும். காரையே நிறுவனத்திடம் ஒப்படைத்தால், நிறுவனம் அப்பிடித்தம் போக முழுத் தொகையையும் தந்துவிட்டுத் தானே ஏலம் விடும்.

ஏலங்கள் எங்கே நடைபெறுகின்றன?

1. காப்பீட்டு நிறுவனங்கள்: பெரும்பாலும் இணையவழி ஏலம். பதிவு செய்து வைப்புத்தொகை கட்டியவர்களே விலை கேட்க முடியும்.

2. எம்.எஸ்.டி.சி.: 1964-இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனம். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்துக்கட்டும் வாகனங்கள் இதன் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றன.

3. காவல்துறையும் நீதிமன்றமும்: வழக்கில் பிடிபட்ட வண்டிகளைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் போட்டுவைக்கக் கூடாது என்றும், எவரும் உரிமை கோராதவற்றை ஏலத்தில் விடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வாகனங்களை மாவட்டக் காவல்துறை பொது ஏலம் விடுகிறது. நாளும் இடமும் நாளிதழ்களில் வெளியாகும்.

4. வங்கிகளும் நிதி நிறுவனங்களும்: தவணை கட்டாததால் கைப்பற்றப்பட்டவை. இவை சேதமடைந்தவையாக இருக்க வேண்டியதில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஏல வண்டிகள் 'உள்ளது உள்ளபடியே' விற்கப்படுகின்றன. பின்னர் குறை சொல்லித் திருப்பித் தர இயலாது. எனவே புகைப்படத்தை மட்டும் நம்பாமல், பார்வையிட ஒதுக்கப்படும் நாளில் ஒரு மெக்கானிக்குடன் நேரில் செல்ல வேண்டும். எஞ்சின் எண், சேஸ் எண் இரண்டும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருக்கின்றனவா, கடன் நிலுவை உண்டா, வரி பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும். கேட்கும் விலையுடன் ஜி.எஸ்.டி., இழுவை வண்டிக் கூலி, பழுதுபார்க்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிக் கணக்கிட்டால்தான் உண்மையான விலை தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. 2015 சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. இத்தகைய வண்டிகள் வெளியே பளபளப்பாக இருந்தாலும் ஒயரிங்கும் மின்னணுக் கருவிகளும் பல மாதங்கள் கழித்தும் கெடலாம். இருக்கை பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் சேற்றுக்கறை, தரைவிரிப்பின் அடியில் வண்டல், இருக்கைக் கம்பியில் துரு ஆகியவை அடையாளங்கள்.

பொது ஏலத்தில் வாங்கியவர், வண்டியைப் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏலம் நடத்துவதாகக் கூறித் தனிநபர் கணக்கில் முன்பணம் கேட்பவரை நம்பக் கூடாது.

விற்பவர் கவனிக்க வேண்டியவை

இப்பகுதியே பலராலும் அலட்சியப்படுத்தப்படுகிறது. பணம் கைக்கு வந்ததும், பதிவுச் சான்றிதழையும் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களையும் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். சிலர் நொறுங்கிய வண்டியை வாங்குவது வண்டிக்காக அன்று, சான்றிதழுக்காக. அதே வகையைச் சேர்ந்த திருட்டு வண்டியில் பழைய சேஸ் எண்ணைப் பொறித்து, முறையான வண்டிபோல் ஓட்டுகின்றனர். குற்றம் நடந்தால் காவல்துறை முதலில் தேடிவருவது பதிவேட்டில் உள்ள பெயரைத்தான். விபத்து இழப்பீட்டிலும் இவ்வாறே: பெயர் மாற்றப்படாதவரை பதிவு பெற்ற உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது.

இதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 55-இன்படி, அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த இயலாத வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, சான்றிதழை ஒப்படைத்துப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். ஓடக்கூடிய வண்டியாக விற்றால், பெயர் மாறியதைப் பரிவாகன் தளத்தில் தாமே பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். உடைக்கவே கொடுப்பதானால், 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அதற்கான வைப்புச் சான்றிதழைப் பெறுவது பாதுகாப்பானது.