கூண்டு பேசாது, குரல் வேண்டும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது நெடுநாளைய வழக்கம். பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை அதற்கு எண்கள் உண்டு. எண் ஏற ஏற அபாயமும் ஏறும் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆனால் பதினோராவது எண்ணின் பொருள் வேறு. வானிலை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பு அறுந்து போயிற்று என்பதே அதன் அறிகுறி. செய்தி வராமல் போவதும் புயலைப் போன்ற அபாயந்தான் என்பதை அதை வகுத்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

இந்த ஜில்லாவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் புகுந்தது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறிற்று. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. டிசம்பரிலும் வெள்ளம் விடவில்லை. இத்தகைய வேளைகளில் மின்சாரம் நின்றதும் டெலிவிஷன் ஊமையாகிவிடுகிறது. கோபுரம் ஓய்ந்ததும் கைத்தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டாகிவிடுகிறது. இரண்டு பாட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு ரேடியோப் பெட்டி மட்டுமே பேசக் காத்திருக்கிறது. அதற்குள்ளிருந்து பேசுவதற்கு ஆள் வேண்டுமே!

2015 வெள்ளத்தின்போது அந்த ஆள் கிடைத்தது நம் நல்வினை. கடலூர்க் கலெக்டர் அலுவலகத்திலேயே, 107.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 'பேரிடர் கால வானொலி' என்ற பெயரில் ஒரு தற்காலிக நிலையம் எழுந்தது. ஜில்லா நிர்வாகத்தோடு கைகோத்து நின்றவர்கள் புதுச்சேரி சர்வகலாசாலையின் 'புதுவை வாணி' என்னும் சமுதாய வானொலியினர். காலாப்பட்டில் உள்ள அந்தச் சர்வகலாசாலையில் மின்னணு ஊடகத்துக்கும் வெகுஜனத் தொடர்புக்கும் தனித் துறையே இருக்கிறது. வகுப்பறையிலும் ஒலிப்பதிவு அறையிலும் கற்ற வித்தை, அண்டை ஜில்லாவின் ஆபத்துக்கு உதவிற்று.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலத்தில், "பையன் ரேடியோ, டெலிவிஷன் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறானே, அதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பெற்றோர்கள் உபாத்தியாயர்களைக் கேட்கிறார்கள். அவர்களுடைய மனக்கண்ணில் தெரிவது சினிமாவும் வெட்டிப் பேச்சுந்தான். பெண் பிள்ளை கேட்டாலோ வீட்டில் ஒரு சிறு புயலே வீசிவிடுகிறது.

வாஸ்தவத்தில் அந்தப் படிப்பு என்ன? முதலாவதாக, காதுக்காக எழுதக் கற்பது. புஸ்தகம் படிப்பவன் புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ரேடியோ கேட்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயந்தான் இருக்க வேண்டும். இரண்டாவதாக, மைக் முன்னால் மூச்சை ஆளவும், காற்றிரைச்சலையும் எதிரொலியையும் விலக்கிக் குரலைப் பதிவு செய்யவும் பழகுவது. முன்னாளில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். இந்நாளில் கணினித் திரையில் அதையே செய்கிறார்கள். மூன்றாவதாக, காமிராவும் ஒளியமைப்பும். எதைக் காட்டுவது என்பதோடு எதைக் காட்டக் கூடாது என்பதும் பாடந்தான். பிள்ளையை இழந்து அழும் தாயின் முகத்துக்கு எதிரே காமிராவை நீட்டாதிருப்பதற்கும் பயிற்சி வேண்டும். நான்காவதாக, சட்டமும் சத்தியமும். "ஏரி உடைந்துவிட்டதாம்!" என்ற வதந்தியை விசாரியாமல் ஒலிபரப்பினால், வெள்ளத்தினால் சாகாதவர்கள் நெரிசலில் சாவார்கள்.

வெள்ளம் வடிந்த பின் ஜனங்களுக்கு எழும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம்? கிணற்று நீரை எப்படிச் சுத்தம் செய்வது? நனைந்து அழிந்த ரேஷன் கார்டுக்கு யாரிடம் மனுக் கொடுப்பது? தலைநகரத்து நிலையம் இவற்றுக்குத் தெரு வாரியாக விடை சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவன், நம் பேச்சில், நம் ஊர்ப் பெயர்களைப் பிழையின்றி உச்சரித்துச் சொல்ல வேண்டும்.

அதற்குச் சட்டமும் இன்று இடம் தருகிறது. ஒலியலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2002-இல் கல்வி ஸ்தாபனங்களுக்கும், 2006-இல் பொதுநலச் சங்கங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-இல் சென்னை அண்ணா சர்வகலாசாலையில் தோன்றிய 'அண்ணா எஃப்.எம்.' இந்தியாவின் முதல் கல்லூரி வளாகச் சமுதாய வானொலி. ஏறக்குறைய 50 வாட் சக்தியுள்ள கருவி, 30 மீட்டர் உயரக் கம்பம்: இவற்றைக் கொண்டே 10 கிலோமீட்டர் சுற்றளவு கேட்கும்படி பேசலாம். நிகழ்ச்சிகளில் பாதியேனும் அந்தந்த ஊராரின் பங்கோடு தயாராக வேண்டும் என்பது விதி. ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை. பயின்ற மனிதருக்கே பஞ்சம்.

மகாத்மா காந்தி வானொலி நிலையத்துக்குள் சென்று பேசியது ஒரே ஒரு தடவைதான்: 1947 நவம்பர் 12. குருக்ஷேத்திரத்தில் முகாமிட்டிருந்த அகதிகளை நேரில் காண முடியாத நிலையில், டில்லி நிலையத்திலிருந்து அவர்களுக்கு ஆறுதல் கூறினார். வீடிழந்தவனுக்கு ஒரு நம்பகமான குரல் எவ்வளவு பெரிய துணை என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

இந்தப் படிப்பில் பணம் கொழிக்கும் என்று நாம் யாருக்கும் ஆசை காட்டவில்லை. ஆரம்பச் சம்பளம் சொற்பம். வேலைக்கு நேரங்காலம் கிடையாது. பெரும்பாலான டெலிவிஷன் நிலையங்கள் சென்னையில்தான் இருக்கின்றன. புகழை நாடி வருபவன் இரண்டு வருஷத்தில் சலித்துப் போவான். சேர்க்கும் முன் அந்தக் கல்லூரியில் மாணவர்கள் தாங்களே இயக்கும் ஒலிபரப்பு நிலையம் உண்டா என்று பெற்றோர்கள் விசாரிக்க வேண்டும். நீந்துவதைக் கரும்பலகையில் கற்க முடியாது அல்லவா?

நம் ஜில்லாவுக்குக் கல்விச் செல்வம் குறைவில்லை. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலை சர்வகலாசாலைக்குப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில், கடல்வாழ் உயிர்களை ஆராயும் நிலையம் இருக்கிறது. அங்கே அறிஞர்கள் அறிந்ததைக் கிள்ளை மீனவரின் காதுக்குக் கொண்டு சேர்க்கத் தெரிந்த இளைஞர்களும் வேண்டும். ஆராய்பவன் ஒருவன்; அதை எளிய தமிழில் எடுத்துச் சொல்பவன் மற்றொருவன். தேசத்துக்கு இருவரும் தேவை.

பேரிடர் கால வானொலி தற்காலிகமானது. வடகிழக்குப் பருவமழையோ ஆண்டு தவறாமல் வருகிறது. வெள்ளம் வந்த பிறகு குரலைத் தேடிப் புறப்படுவதைக் காட்டிலும், மழைக்கு முன்னரே பயின்ற பத்து இளைஞர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் தயாராக இருப்பது மேல். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பத்துப் பேரில் ஒருவனாகவோ ஒருத்தியாகவோ இருக்க விரும்பினால், தடுக்காதீர்கள்.