கோடியும் பில்லியனும்: பேரெண்களின் பெயர்களும் திருமறை வாசிப்பும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பகுதியில் ஊழியஞ் செய்வோர் நாள்தோறும் இரு எண்ணுமுறைகளுக்கு நடுவே வாழ்கின்றனர். துறைமுக ஆண்டறிக்கை ஒன்றைக் கையிலெடுத்தால், கையாளப்பட்ட சரக்கு மில்லியன் டன்னிலும், ஈட்டிய வருமானம் கோடி ரூபாயிலும் குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். ஐம்பது மில்லியன் டன்னும் ஐந்து கோடி டன்னும் ஒன்றே என்று எழுத்தர் அறிவார். சுமை தூக்குவோர் அறியவேண்டிய தேவை நேர்வதில்லை. போதாக்குறைக்கு, 'எம்.டி.' என்னும் சுருக்கம் ஒரு தாளில் மெட்ரிக் டன்னையும் வேறொரு தாளில் மில்லியன் டன்னையும் குறிக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு உண்டு!

2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியபோது இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. கப்பல் விபத்துகளுக்குரிய பன்னாட்டு உடன்படிக்கைகள் பொறுப்புத் தொகையின் வரம்பை மில்லியன் கணக்கில், அதுவும் ரூபாயிலன்றி வேறோர் அலகில், கூறுகின்றன. வலை நனைக்க இயலாது கரையில் அமர்ந்திருப்பவருக்கு அத்தொகை எவ்வளவு என்று இலட்சத்திலும் கோடியிலும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பல ஊர்களில் அவ்வொருவர் சபைப் போதகரே.

நம் வழக்கில் ஆயிரத்துக்குப் பின் எண்ணின் பெயர் நூறு மடங்குக்கு ஒருமுறை மாறுகிறது: ஆயிரம், இலட்சம், கோடி. மேனாட்டார் ஆயிரம் மடங்குக்கு ஒருமுறை மாற்றுகின்றனர். ஆதலால் நாம் 10,00,000 என்று காற்புள்ளி இடும் தொகைக்கு அவர்கள் 1,000,000 என்று இடுகின்றனர். நம் முறை நேற்று வந்ததன்று. முதலாம் இராசராசனுடைய மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளுள் 'இரட்டபாடி ஏழரை இலக்க'த்தைச் சேர்த்துரைக்கிறது. இலக்கம் என்பது அங்கே நூறாயிரம். அதற்கும் முன்னரே பரிபாடல் நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் எனப் பூக்களின் பெயர்களையும், சங்கம், வெள்ளம் என்பவற்றையும் பேரெண்களுக்கு இட்டு வழங்கியது. இன்று இலங்கைத் தமிழ் இதழ்களில் மில்லியன் இயல்பாகவே புழங்குகிறது. ஆகவே தமிழர் யாவருக்கும் ஒரே வழக்கு என்றும் நாம் கருதிவிடலாகாது.

மேனாட்டார்க்குள்ளும் ஒற்றுமை இல்லை என்பதே பலரும் கவனியாதது. பிரெஞ்சு நாட்டு நிக்கொலா சுக்கே 1484-இல் எழுதிய கையெழுத்து நூலில் பில்லியன் என்பது மில்லியன் மில்லியனாகும். அதாவது நமது ஓர் இலட்சம் கோடி. பிற்காலத்தில் பிரான்சிலேயே அது ஆயிரம் மில்லியனாக, நமது நூறு கோடியாக, வழங்கத் தொடங்கிற்று. அமெரிக்கர் அதனை ஏற்றனர். ஆங்கிலேயரோ பழைய பொருளையே காத்தனர். 1974-இல் பிரதமர் ஹெரால்ட் வில்சன், அரசாங்கப் புள்ளிவிவரங்களில் பில்லியன் ஆயிரம் மில்லியனையே குறிக்கும் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார். பிரான்சும் செர்மனியும் இன்றும் இலட்சம் கோடியையே அவ்வாறு அழைக்கின்றன. நூறு கோடிக்குச் செர்மானியர் மில்லியார்டெ என்பர்.

இறையியல் மாணவர்க்கு இதனால் ஆவது என்ன? நம் நூலகங்களில் 1974-க்கு முற்பட்ட ஆங்கில நூல்கள் பல உள்ளன. அவற்றில் பில்லியன் வருமிடத்தில் ஆசிரியர் எந்நாட்டார் என்று பாராமல் மொழிபெயர்த்தால் தொகை ஆயிரம் மடங்கு பிழைபடும். தமிழ்நாட்டு லுத்தரன் திருச்சபையின் வரலாற்றை ஆராய்வோர் லைப்சிக் மிஷனின் செர்மானிய ஏடுகளை நாடுவர். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 செர்மானிய பில்லியன் மார்க் என்னும் நிலை வந்தது. நம் கணக்கில் 4.2 இலட்சம் கோடி. அதனை 420 கோடி என்று எழுதிவிட்டால், அந்நாட்களில் அங்கிருந்து அனுப்பப்பட்ட காணிக்கைகளின் மதிப்பையே நாம் தவறாக உணர்வோம்.

இனித் திருமறைக்கு வருவோம். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் பெயர் பெற்ற எண்களுள் பெரியது பதினாயிரமே. கிரேக்கர் அதனை மூரியாஸ் என்றனர். அதற்கு மேற்பட்டதைப் பெருக்கியே சொல்லவேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 9:16-இல் குதிரைச் சேனையின் தொகை கிரேக்கத்தில் 'இரண்டு பதினாயிரம் பதினாயிரம்'. 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்த திருப்புதல் இதனை இருபது கோடி என்கிறது. கணக்கு மிகச் சரி. தொகையைத் தாம் காதால் கேட்டதாக யோவான் கூறுவதால் திட்டமான எண்ணைத் தருவதே முறை. சீன, கொரிய வேதாகமங்களோ கிரேக்கத்தை அப்படியே 'இரண்டு பதினாயிரம் பதினாயிரம்' என்று வைத்துள்ளன. அம்மொழிகளில் பதினாயிரமே எண்ணின் படி. அதற்கென ஒற்றைச் சொல்லும் உண்டு.

தானியேல் 7:10-இல் நிலை வேறு. அங்கும் மூலத்தில் பதினாயிரத்தின் பதினாயிரமே உள்ளது; தமிழில் அது 'கோடானுகோடி' ஆயிற்று. எண்ணிக்கையைக் கடந்த திரளைச் சொல்லத் தமிழன் இயல்பாய் எடுக்கும் சொல் அது. நாம் அதனைக் குறைகூறோம். ஆனால் அதே காட்சியை நினைந்து எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷம் 5:11-இல் நம் திருப்புதல் சொல்லுக்குச் சொல்லாய்ப் 'பதினாயிரம் பதினாயிரம்' என்று நின்றுவிட்டது. யோவான் தானியேலை எதிரொலிக்கிறார் என்பது கிரேக்கம் வாசிப்போருக்குக் கேட்கும். தமிழில் மட்டும் வாசிப்போருக்குக் கேளாது. இவ்விரு பகுதிகளையும் பிரசங்கிப்போர் அதனைச் சொல்லிக் காட்டுவது நலம்.

மத்தேயு 18:24-இன் பதினாயிரம் தாலந்தைப் பற்றி ஒன்று. மில்லியன் கணக்கிடும் ஆங்கில விளக்கவுரைகளை அப்படியே மேடைக்குக் கொண்டுவருவதைவிட, இப்பகுதியின் தொழிலாளர் கூலிக்கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியு. ஒரு தெனாரியு ஒரு நாட்கூலி. ஆக முதல் ஊழியக்காரனின் கடன் ஆறு கோடி நாட்கூலி. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை கிடைத்தாலும் அதனை அடைக்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் செல்லும். அவன் தன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்துக் கேட்டதோ நூறு தெனாரியு, நான்கு மாதக் கூலி.