கால் பூட்டை எப்போது கற்பிப்பது?

ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்க ஏறி இறங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு முழங்கால்தான் பிழைப்பு. மல்லுப் பயிற்சியில், எதிராளியின் காலைப் பிடித்து மூட்டை நெருக்கும் ‘கால் பூட்டால்’ அது பழுதாகக் கூடாது.

ஏன் ஆபத்து?
முழங்கால் கதவுக் கீல் போல மடங்கி நீளும். திருகுவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. குதிகாலைப் பிடித்துத் திருகினால் பாதம் நெம்புகோலாகிறது. விசை முழுதும் மூட்டைக் கட்டியிருக்கும் நார்களில் இறங்குகிறது. திருகாமல் போடும் நேரான கணுக்கால் பூட்டில் பெரும்பாலும் வலி முன்கூட்டி எச்சரிக்கும். குதிகால் திருகலிலோ வலி தெரிவதற்குள் நார் கிழிந்துவிடலாம்.

எப்போது?
போட்டி விதிகளை வழிகாட்டியாகக் கொள்ளலாம். ஜூடோ போட்டிகளில் மூட்டுப் பூட்டுகளில் முழங்கைப் பூட்டு மட்டுமே உண்டு; கால் பூட்டே இல்லை. சர்வதேச பிரேசிலிய ஜூஜிட்சு சம்மேளனம் குதிகால் திருகலை 2021இல்தான் அனுமதித்தது. அதுவும் அங்கி அணியாத போட்டிகளில், வயதுவந்த பழுப்பு, கறுப்புப் பட்டியினருக்கு மட்டும். 16 வயதை எட்டாத சிறுவருக்கு நேரான கணுக்கால் பூட்டுக்கும் அங்கே அனுமதியில்லை.

எப்படி?
முதலில் தட்டிச் சரணடையப் பழக்க வேண்டும்: வலிக்கும்வரை காத்திராமல், பிடி இறுகியதுமே தட்ட வேண்டும். அடுத்து, திருகும் திசையறிந்து தப்பும் முறை. பிறகு, பூட்டாமல் பிடியை மட்டும் நிலைநிறுத்துதல். கடைசியாகவே மெதுவான அழுத்தம்; வெட்டி இழுக்கக் கூடாது.

பயிற்றுநர்களே, எதிராளி தட்டியவுடன் பிடியை விடத் தெரியாத மாணவருக்கு இந்தப் பாடத்தைத் தொடங்காதீர்கள்.