க்ஷயரோகிக்கு எங்கே வைத்தியம்?

விழுப்புரம் மார்க்கமாகச் சென்னைக்குள் நுழையும் ரயில், தாம்பரத்தை அடுத்து ஒரு சிறு ஸ்டேஷனைத் தாண்டும். அதன் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. 1928-ம் வருஷத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே நிறுவிய க்ஷயரோக சிகிச்சை ஸ்தாபனத்தால் வந்த பெயர் அது. திறந்த வெளிக் காற்று, பூரண ஓய்வு, பாலும் முட்டையுமான போஷாக்கு, குடும்பத்தை விட்டு விலகிய வாசம்: இவையே அக்காலத்து மருந்து. வசதியுள்ளவர் போனார், மற்றவர் வீட்டுத் திண்ணையில் இருமிக் கிடந்தார்.

நல்ல மருந்துகள் தோன்றிய பிறகும் அந்த நம்பிக்கை எளிதில் அசையவில்லை. அசைத்தது சென்னை நகரமே என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 ரோகிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், நல்ல ஆகாரத்துடனும் ஓய்வுடனும். மற்றவர் தத்தம் நெரிசலான வீடுகளில், அரை வயிற்றுச் சோற்றுடன். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் வெளிவந்த முடிவு பெரிய வைத்தியர்களையே திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். ஐந்து வருஷம் கவனித்தும், அவர்கள் வீட்டாரை நோய் அதிகமாகப் பற்றவில்லை. உலகத்துச் சானடோரியங்கள் பல மூடப்பட்டதில் சென்னைக் குடிசைகளின் சாட்சியத்துக்கும் பங்குண்டு.

வைத்தியர் அபிப்பிராயம் மாறியது. ஊராரின் அபிப்பிராயமோ மாறவில்லை. நமது திருவண்ணாமலையில் இன்றும் க்ஷயம் என்று தெரிந்தால் வாடகை வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். வீட்டிலோ தனித் தட்டு, தனித் தம்ளர். இந்நோய் இருமலின் வழியே காற்றில் பரவுவது. தம்ளரில் ஒட்டிக்கொண்டு வருவதன்று. தகுந்த மருந்தை ஒழுங்காக உண்டால் தொற்றும் தன்மை பெரும்பாலும் சில வாரங்களிலேயே வெகுவாகத் தணிகிறது. தகப்பனாருக்கு நோய் என்பதற்காகப் பள்ளியில் ஒரு பையனின் பக்கத்து இடம் காலியாவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் 1959-ன் முடிவைச் சிலர் அதற்குரிய எல்லை கடந்து வாசித்துவிட்டார்கள். மருந்து இருந்தால் ஆகாரம் எப்படியிருந்தால் என்ன என்ற அலட்சியம் புகுந்தது. அதையும் திருத்த வேண்டி வந்தது. சேத்துப்பட்டு நிலையத்தின் இன்றைய வாரிசான காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், மங்களூர் வைத்தியர்களுடன் சேர்ந்து ஜார்க்கண்டில் 2,800 ரோகிகளின் குடும்பங்களை ஆராய்ந்தது. ரோகிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள். குடும்பங்களில் ஒரு பகுதிக்கு மட்டும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிசி, பருப்பு. அப்படிப் பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் 39 சதவிகிதம் குறைந்தார்கள் என்று 2023-ல் முடிவு வெளியாயிற்று. பருப்பும் சோறும் நோயைத் தடுக்கும்!

ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஓரளவு திரும்பி வந்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தில், ரோகியின் எடை, சுவாசம், பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைத் தொடக்கத்திலேயே பார்த்து, மிக நலிந்தவர்களை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

பௌர்ணமிதோறும் நம் கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. அதில் ஒரு சிறு பங்கு, மாதாமாதம் அரிசி பருப்பாக ஒரு க்ஷயரோகியின் வீட்டுக்குப் போகலாம். 2022-லிருந்து இதற்கென்றே 'நிக்ஷய் மித்ரா' என்ற ஏற்பாடு இருக்கிறது. ரோகியின் சம்மதத்தின் பேரில் எந்தக் குடும்பமும் உதவியை ஏற்றுக்கொள்ளலாம். விவரம் அரசினர் ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.