பெராக்சைடு கொள்முதலில் கவனிக்க வேண்டிய கணக்கு

ஹைட்ரஜன் பெராக்சைடு நம் செங்கம் கடைகளில் பெரிய சரக்கு அல்ல. ஆனாலும் மொத்த வியாபாரிகளிடம் விலை கேட்டால் ஒருவர் ‘20 வால்யூம்’ என்பார், இன்னொருவர் ‘30 சதவீதம்’ என்பார், மூன்றாமவர் ‘50 சதவீதம், கிலோ விலை’ என்பார். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வராமல் விலையை ஒப்பிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வால்யூம் என்பது வாயுக் கணக்கு. பெராக்சைடு சிதைந்தால் தண்ணீரும் ஆக்சிஜனும் ஆகும். 1 லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜன் தந்தால் அது 20 வால்யூம். 68 கிராம் பெராக்சைடு 22.4 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்பது ரசாயன விதி. அதாவது 1 லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 3 கிராம். எனவே 20 வால்யூம் சரக்கில் லிட்டருக்குச் சுமார் 60 கிராம், அதாவது 6 சதவீதம். வால்யூமை 3.3 ஆல் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். 100 வால்யூம் என்பது 30 சதவீதம்.

சதவீதத்திலும் இரண்டு வகை உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். லிட்டருக்கு 300 கிராம் இருந்தாலும் 30 சதவீதம், கிலோவுக்கு 300 கிராம் இருந்தாலும் 30 சதவீதம். பெராக்சைடு தண்ணீரைவிடக் கனமானது என்பதால், இரண்டாவது வகையில் லிட்டருக்குச் சுமார் 333 கிராம் இருக்கும். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் சிறு தொகையா? ‘எடைக்கு எடையா, கன அளவுக்கு எடையா’ என்று கேட்டு பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

துணி வெளுக்கப் போகும் 50 சதவீத சரக்கு எடைக்கு எடைதான். 50 கிலோ கேனில் 25 கிலோ பெராக்சைடு. அளந்தால் 42 லிட்டர்தான் இருக்கும். அதன் 1 கிலோ, 20 வால்யூம் சரக்கு 8 லிட்டருக்கு மேல் சமம். விலையை இப்படிப் பார்க்க வேண்டும். ஆனால் அதில் நீர் கலந்து புண் கழுவும் மருந்தாக விற்க மருந்துச் சட்டம் இடம் தராது. கையில் பட்டாலே தோல் வெளுத்து எரியும். பால் கெடாமலிருக்க என்று யாராவது கேட்டால் கொடுக்கவே வேண்டாம், அது கலப்படம்.

வெயிலில் கிடந்த கேன் வீரியம் இழக்கும், லேபிள் எண் மட்டும் அப்படியே இருக்கும். பழைய சரக்கானால் பெர்மாங்கனேட் சோதனை செய்து வாங்குவது நல்லது. காற்றுத் துளையுள்ள மூடியை மாற்றாதீர்கள். வாயு அடைபட்டால் கேன் உப்பி வெடிக்கும்.