பட்டப்படிப்பு: விரைவா, நிதானமா?

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரிப் பக்கங்களிலிருந்து மின்சார ரயிலில் வரும் கல்லூரி மாணவர்கள் பலர் அதில் இருப்பார்கள். அவர்களில் சிலர் கிழக்குத் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குச் செல்வார்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் ஏதேனும் ஒரு கல்லூரியில் சேரப்போகிறீர்கள். அப்பொழுது ஒரு கேள்வி உங்கள் முன் வரக்கூடும். மூன்றாண்டுப் படிப்பை விரைவாக முடிப்பதா? பாடச் சுமையைக் குறைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பதா?

பல்கலைக்கழக மானியக் குழு 2024 நவம்பரில் இவ்விரு வழிகளுக்கும் நெறிமுறை வகுத்தது. மூன்றாண்டுப் படிப்பில் ஆறு பருவங்கள், அதாவது ஆறு செமஸ்டர்கள் உண்டு. விரைவு வழியில் இதை ஐந்து பருவங்களில் முடிக்கலாம். நீட்டிப்பு வழியில் எட்டுப் பருவங்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். முதல் பருவம் அல்லது இரண்டாம் பருவத்தின் முடிவில் மாணவர் தம் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டத்தின் மதிப்பு எல்லா வழிகளிலும் ஒன்றே. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இவற்றைத் தந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒரு சிறு கணக்கு

எந்த வழியானாலும் படிக்க வேண்டிய மொத்த அளவு குறைவதில்லை. இந்த அளவைக் ‘கிரெடிட்’ என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, செய்முறை, வீட்டுப்படிப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 30 மணி நேர உழைப்பு. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று கொள்வோம். சில கல்லூரிகளில் இது கூடுதலாகவும் இருக்கும்.

ஆறு பருவங்களுக்குப் பங்கிட்டால் பருவத்துக்கு 20 கிரெடிட், அதாவது 600 மணி. ஒரு பருவத்தில் 90 வேலை நாட்கள் என்றால், நாளொன்றுக்கு 6 மணி 40 நிமிடம் படிக்க வேண்டும்.

முதல் பருவம் முடிந்ததும் விரைவு வழிக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள 100 கிரெடிட்டை நான்கு பருவங்களில் முடிக்க வேண்டும். பருவத்துக்கு 25 கிரெடிட், 750 மணி. நாளொன்றுக்கு 8 மணி 20 நிமிடம்! நீட்டிப்பு வழியில் அதே 100 கிரெடிட் ஏழு பருவங்களுக்குப் பரவும். அப்போது நாளொன்றுக்கு 5 மணிக்கும் சற்றுக் குறைவு.

உறக்கம் 8 மணி, ரயில் பயணம் போக வர 2 மணி என்று கழித்துப் பாருங்கள். விரைவு வழி மாணவருக்கு மிஞ்சுவது 5 மணி 40 நிமிடம். மாலையில் அவர் ஒரு கடையில் 4 மணி நேரம் வேலை செய்து வீட்டுக்கு உதவுபவர் என்றால்? குளிக்க, உண்ண, விளையாட எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 மணி 40 நிமிடமே மிஞ்சும். அவர் எதைக் குறைப்பார்? பெரும்பாலும் உறக்கத்தைத்தான்.

மூளை என்ன சொல்கிறது?

உறக்கத்தைக் குறைப்பது இலாபமாகத் தோன்றும். ஆனால் பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது பெருமளவு உறக்கத்தின்போதுதான். உறக்கம் கெட்டால் படித்ததும் நழுவிப்போகும்.

இடைவெளிக்கும் கற்றலில் பங்கு உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்தார். தம் முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை படித்ததால் கிடைத்த பலனை, மூன்று நாட்களில் பரப்பி 38 முறை படித்தே அவர் பெற்றார்!

அப்படியானால் அவசரம் எப்பொழுதும் தவறா? குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அவருடைய விமான வடிவமைப்புப் பணியில் பேராசிரியர் சீனிவாசன் நிறைவடையவில்லை. கலாம் ஒரு மாதம் கேட்டார். கிடைத்ததோ மூன்று நாட்கள். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கை வேறு! கலாம் முடித்துக் காட்டினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூன்று நாட்களில் அவர் விமானவியலைக் கற்கவில்லை. முன்பே கற்றதைப் பயன்படுத்தி வரைபடத்தை முடித்தார்.

சர் சி.வி. இராமன் விரைவுக்கும் நிதானத்துக்கும் சேர்ந்தே சான்றாவார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. தேறியபோது அவருக்கு 16 வயதுகூட ஆகவில்லை. எம்.ஏ. படிக்கையில் பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்பிலேயே கட்டிப்போடாமல், ஆய்வகத்தில் விருப்பம்போல் ஈடுபட விட்டார். அந்த ஓய்வு நேரத்தின் பயனாக 1906-இல் இராமனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் இதழில் வெளிவந்தது.

சேரும் முன் கேளுங்கள்

விரைவு வழியில் ஐந்தாம் பருவம் ஆண்டு இறுதியில் முடியும். தமிழ்நாட்டில் முதுகலைச் சேர்க்கை பெரும்பாலும் ஆண்டின் நடுவில்தான். மேற்படிப்பே உங்கள் நோக்கமானால், மிச்சப்படுத்திய ஆறு மாதம் காத்திருப்பதிலேயே கழியலாம். வேலைக்குப் போவதே நோக்கமானால் அந்த ஆறு மாதச் சம்பளம் குடும்பத்துக்கு உண்மையான உதவி. நீட்டிப்பு வழியில் கூடுதல் பருவங்களுக்குக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை தொடருமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர் நீங்களாக இருக்கலாம். ‘சீக்கிரம் முடி’ என்று வீட்டார் விரும்புவது இயற்கையே. மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் போட்டு அவர்களுக்குக் காட்டுங்கள். உறக்கத்தில் கை வைக்காமல் கணக்குச் சரியானால் விரைந்து முடியுங்கள். சரியாகாவிட்டால் நிதானமாகப் படிப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

அறிமுகமில்லாத 10 சொற்கள் கொண்ட இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். முதல் பட்டியலை ஒரே மாலையில் ஆறு முறை படியுங்கள். இரண்டாவதை மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். ஒவ்வொன்றையும் கடைசியாகப் படித்த நாளிலிருந்து ஏழாம் நாள், பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எந்தப் பட்டியலில் எத்தனை சொற்கள் தேறின? விடையைக் குறித்து வையுங்கள். பொதுத் தேர்வுக்குப் படிக்கவும் அது வழிகாட்டும்.